பதினெட்டில் ஒன்று

பட்டாபிராமனுக்குத் தெரியாத சொல் மதுரையில் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே பட்டாபிராமன்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு. இரண்டுமே பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர், சம்ஸ்கிருதமும் கைவசம். நிகண்டுகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பிப்பார். காய்கறிக்காரியிடம் கத்தரிக்காய்க்கு ஏழு பெயர் சொல்லிவிட்டு, எட்டாவதாக அவள் சொல்லும் வசவையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அவர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கார்வெல் பாதிரியாரின் பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதிரியார் ஓர் அகராதி செய்துகொண்டிருந்தார். சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தலையில் ஆங்கிலச் சொல், அதன் கீழே அது எந்த மொழியிலிருந்து எப்படி வந்தது என்ற வரலாறு, அதற்கும் கீழே எபிரேயத்தில் அதற்குச் சமமான சொற்கள், வலமிருந்து இடமாக. அடியில் நாலு விரற்கடை வெள்ளை இடம். அந்த வெள்ளை இடம் பட்டாபிராமனின் சொத்து. அதில் தமிழ்ச் சொற்களை எழுத வேண்டும். புத்தகச் சொல் மட்டும் போதாது, கடைத்தெருவில் சொல்வது, கிணற்றடியில் சொல்வது, கோபத்தில் சொல்வது எல்லாம் வேண்டும் என்பது பாதிரியாரின் நிபந்தனை. சில சொற்களை எழுதும்போது பட்டாபிராமன் கண்ணை மூடிக்கொண்டு சிவ சிவா என்பார். ஆனால் எழுதிவிடுவார்.

அந்த ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை வந்த சீட்டு 'லெப்பர்'.

அவர் யோசிக்கவே இல்லை. குட்டரோகி, பெருநோயாளி, தொழுநோயாளி என்று விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனார். நோயின் பெயர்களில் குட்டம், குஷ்டம், பெருவியாதி என்று எழுதி, கடைசியில் வெண்குட்டம் என்று முடித்தார். பாதிரியாரின் விரல் அந்தக் கடைசிச் சொல்லில் வந்து நின்றது.

"இது ஏன் இங்கே இருக்கிறது, பண்டிதரே? இது வேறு வியாதி அல்லவா?"

"வைத்திய நூல்படி குட்டம் பதினெட்டு வகை. அதில் வெண்குட்டமும் ஒன்று" என்றார் பட்டாபிராமன். சும்மா சொல்லவில்லை, பாட்டையே ராகத்தோடு சொல்லி, பதினெட்டையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

பாதிரியார் பொறுமைசாலி. பாட்டு முடியும்வரை காத்திருந்தார்.

"இந்த ஆங்கிலச் சொல்லின் கதையே ஒரு தப்பின் கதை. பிரெஞ்சுக்காரனிடமிருந்து இங்கிலீஷ்காரன் வாங்கினான். அவனுக்கு லத்தீன் கொடுத்தது, லத்தீனுக்குக் கிரேக்கம் கொடுத்தது. கிரேக்கத்தில் 'லெபோ' என்றால் உரிப்பது. மரப்பட்டையை உரிக்கிறோமே, அது. தோல் செதில் செதிலாக உரிகிற எந்தச் சொறிக்கும் 'லெப்ரா' என்று பெயர். ஆனால் எபிரேயத்தில் இருந்த சொல் 'ட்ஸாராஅத்'. அது மனிதன் தோலில் வரும், துணியில் வரும், வீட்டுச் சுவரில்கூட வரும். சுவருக்குக் குஷ்டம் வருமா, சொல்லுங்கள்."

"வராது."

"வராது. ஆனாலும் அந்த எபிரேயச் சொல்லுக்குக் கிரேக்கச் சொல்லைப் போட்டார்கள். பின்னால் வந்தவன் முன்னால் போனவனைப் பார்த்து எழுதினான். நடுவில் யாரோ அந்தப் பெயரைக் கொண்டுபோய் விரல் கரைகிற வியாதிக்கு வைத்துவிட்டார்கள். எபிரேயர்களின் விதி மிகவும் ஜாக்கிரதையானது. ஆசாரியன் நேரில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து, மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் இன்னும் ஏழு நாள். வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, 'போஹக்'. அவன் 'தாஹோர்', சுத்தமானவன். வீட்டுக்குப் போகலாம். உச்சி முதல் உள்ளங்கால் வரை முழுக்க வெளுத்துவிட்டாலும் சுத்தமானவன்தான்."

பட்டாபிராமனின் பேனா முனையிலிருந்து மை சொட்டிச் சீட்டில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நிஜ வியாதியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

"டாக்டர்கள் ஓர் இறகால் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த வியாதி இருக்கிற இடத்தில் தொட்டது தெரியாது, சூடு தெரியாது. உங்கள் வெண்குட்டத்தில் எல்லாம் தெரியும். அது யாருக்கும் ஒட்டாது. தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான்."

பட்டாபிராமன் எழுந்தார். மேல்துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் விஜயம், இளையவள் சாவித்ரி. விஜயத்தைப் பதின்மூன்று வயதில் திண்டுக்கல்லில் கொடுத்தார். பதினேழு வயதில் அவளுடைய உதட்டோரத்தில் அரிசியளவு வெள்ளை விழுந்தது. பிறகு இடது முழங்கையில் ஒன்று. மாமியார் வீட்டார் வண்டி வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள், குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆறாம் மாதம் மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம். அப்போது சாவித்ரிக்குப் பதினொரு வயது. ஜாதகம் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பெரியாஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு டாக்டரிடம் அந்தப் பெண்ணைக் காட்டியிருக்கலாம். பட்டாபிராமன் காட்டவில்லை. ஏட்டுச் சுவடியைப் பிரித்தார், பதினெட்டை எண்ணினார், வெண்குட்டம் அதில் இருந்தது. சுவடியைக் கட்டி மேலே வைத்துவிட்டார். படிக்காத ஒருவன் சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரனையாவது கேட்டிருப்பான். இவருக்குச் சந்தேகமே வரவில்லை, பாவி மனுஷனுக்கு.

ராமேஸ்வரத்துக்குப் போய்ப் பரிகாரம் செய்துவருகிறோம் என்று மனைவி தர்மாம்பாளிடம் சொல்லி, விஜயத்தைத் தனியே வண்டியில் ஏற்றினார். வண்டி தெற்கே போகாமல் வடக்கே போனது. அலங்காநல்லூரைத் தாண்டி மலையடிவாரத்தில், பெருநோயாளிகளுக்கென்று ஒரு செட்டியார் தர்மத்துக்குக் கட்டிவிட்ட ஓட்டுக் கொட்டகைகள் இருந்தன. டாக்டர் கிடையாது. யார் வந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை, ஒரு வேளைக் கஞ்சி உண்டு. அங்கே இறக்கிவிட்டார். வழியில் வண்டியை நிறுத்திக் கஞ்சி காய்ச்சுகையில் பாத்திரம் ஆடி, கொதிக்கிற கஞ்சி அவள் முழங்கை வெள்ளையில் கொட்டியபோது "சுடறதுப்பா!" என்று அலறினாளே, அந்த அலறலைக் கேட்டவர்தான் அவர்.

பத்து நாள் கழித்து ஒற்றை ஆளாக வீடு திரும்பி, "காலரா. ராமேஸ்வரத்துலேயே எல்லாம் முடிஞ்சுடுத்து" என்றார். தர்மாம்பாள் கூடத்துத் தரையில் புரண்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். பட்டாபிராமன் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அடுத்த வருஷம் சாவித்ரிக்குத் திருச்சியில் நல்ல இடமாக அமைந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் ஸ்நானம் முடித்து, பள்ளிக்கூட ஜோலி என்று தர்மாம்பாளிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார். மனதில் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. பெண்ணை இன்றைக்கே அழைத்து வருவது. வாசலில் நிறுத்தி, தர்மாம்பாள் காலில் விழுந்து உண்மையைச் சொல்வது. அவள் விளக்குமாற்றால் அடித்தால் வாங்கிக்கொள்வது. சம்பந்தி வீட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்வது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்களும் நானும் சொல்வோம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதுதான் கண் திறந்தது என்றே தோன்றியது.

ஆற்றுப் பாலம் தாண்டிச் செல்லூரில் நெசவாளிகள் தெருவை அடைத்துப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் பட்டாபிராமன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவருக்கு அந்தக் கால் மணி நேரம் பொறுக்கவில்லை. அலங்காநல்லூரில் இறங்கி, வெயிலில் குடையும் இல்லாமல் நடந்தார்.

கொட்டகை வாசலில் காவல்காரன் மொக்கைச்சாமி வேப்பங்குச்சியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரைப் பாக்கணும் சாமி?"

"விஜயம்னு ஒரு பொண்ணு. மதுரையிலேருந்து வந்தவ."

"வெள்ளைத்தாயியா? நல்லாத்தேன் இருக்கு. நீங்க யாரு?"

"அப்பா."

மொக்கைச்சாமி குச்சியைத் துப்பினான். அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இம்புட்டு வருசமா எங்கய்யா இருந்தீக?"

பதிலுக்குக் காத்திராமல் கொட்டகைகளின் பின்பக்கம் கையைக் காட்டினான்.

பின்னால் புளியமரத்தடியில் இரண்டு பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கிழவிக்கு விரல்கள் பாதிப் பாதியாக இருந்தன. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளின் கழுத்து வெள்ளை, தோள் வெள்ளை, புடவை விலகித் தெரிந்த குதிகால் வெள்ளை. லேசாகத் திரும்பியபோது கன்னமும் காதும் வெள்ளை. பழைய மாநிறத்தில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை முழுக்க வெளுத்திருந்தாள்.

பட்டாபிராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாருடைய சாஸ்திரமானால் என்ன, அது சுத்தம் என்று சொல்லிவிட்டது. போஹக். தாஹோர். பாதிரியாரிடம் கேட்ட சொற்களை வாய்க்குள் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே அருகில் போனார். அவள் இடது கையைப் பின்னால் தரையில் ஊன்றிக்கொண்டு கிழவியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவர் பன்னிரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. உதட்டில் வெள்ளை விழுந்த நாளிலிருந்தே தொட்டதில்லை. குனிந்தார். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

அவள் திரும்பவில்லை. "முருங்கைக்கீரைன்னா ஆய வேண்டாம், உதறினாப் போதும்" என்று கிழவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் இறுக்கிப் பிடித்தார். அவள் பேச்சு நிற்கவில்லை.

கிழவிதான் நிமிர்ந்து பார்த்தாள். குடுமி, பூணூல், அழுத முகம் எல்லாவற்றையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"அந்தக் கையில தொட்டாத் தெரியாது சாமி" என்றாள் மெதுவாக. "தோள்ல தொடுங்க."

அவர் தொடவில்லை. தொட முடியவில்லை. விஜயம் தானாகவே திரும்பினாள்.

நொடியில் அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. எழுந்திருக்கவில்லை. தன் கை அவருடைய கைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டு, மெல்ல உருவிக்கொண்டாள். சுண்டு விரலும் அடுத்ததும் உள்பக்கம் மடங்கியிருந்தன. புறங்கையில் ஒரு தீக்காயம், ஆறியும் ஆறாமலும்.

"வாங்கோப்பா" என்றாள். "சோணையம்மா, இவர்தான் எங்கப்பா."

கிழவி கீரையை வாரிக்கொண்டு தள்ளிப் போனாள்.

"உனக்கு அது இல்லைம்மா" என்று பட்டாபிராமன் ஆரம்பித்தார். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பேச்சு, நிற்கத் தெரியாமல் வெளியே வந்தது. "வெள்ளை வேற, அது வேற. பதினெட்டுல சேர்த்தது தப்பு. பாதிரியார் சொன்னார். நான்தான், நான்தான் பார்க்காம..."

"இங்க வரச்சே இல்லைப்பா. எனக்குத் தெரியும்." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "வந்த மூணாம் மாசமே சோணையம்மா ஊசியால குத்திப் பார்த்தா. நான் கத்தினேன். 'உனக்கு அது இல்ல தாயீ, ஓடிப் போயிரு'ன்னா. அன்னிக்கே உங்களுக்கு லெட்டர் எழுதினேன். பள்ளிக்கூட விலாசத்துக்கு. மறுபடியும் ஒண்ணு எழுதினேன். வந்துதா?"

வந்தது. இரண்டும் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து வந்த காகிதமாயிற்றே, ஒட்டிக்கொண்டால்? இடுக்கியால் பிடித்துக்கொண்டுபோய், பிரிக்காமலே வெந்நீர் அடுப்பில் போட்டார். உலகத்துச் சொல்லையெல்லாம் தேடித் தேடிப் படித்த மனுஷர், பெற்ற பெண் எழுதிய நாலு வரியைப் படிக்கவில்லை.

"வந்தது" என்றார். "படிக்கலை."

விஜயம் தலையை ஆட்டினாள். "சாவித்ரி கல்யாணம் ஆகட்டும்னு இருக்கேளாக்கும்னு நெனைச்சுண்டேன். அப்புறம் எங்க போறது? திண்டுக்கல்லா? இங்க இவாளுக்குக் கஞ்சி காய்ச்சணும், புண்ணு கழுவணும். இருந்துட்டேன். நாலு வருஷம் முன்னாடி ஒருநாள் அடுப்புல கை வெந்துண்டிருக்கு, நாத்தம் வந்துதான் தெரிஞ்சுது. அம்புட்டுத்தாம்ப்பா."

அம்புட்டுத்தான் என்று தன் பெண் சொன்னதைப் பண்டிதர் காதில் வாங்கினார். அவளுடைய பேச்சு மாறிப்போயிருந்தது. மாறுகிற அளவுக்கு அவள் இங்கே வாழ்ந்திருந்தாள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று விஜயம் காத்திருந்தாள்.

"நோய் இருந்தா இருந்துட்டுப் போறது" என்றார் கடைசியில். "ஆத்துக்கு வா. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"அம்மாகிட்ட இப்ப என்ன சொல்லி வச்சிருக்கேள்?"

சொன்னார். ராமேஸ்வரம், காலரா, பத்து நாள். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சாவித்ரி கல்யாணத்துக்கு முன்னாடி சுமங்கலிப் பிரார்த்தனை பண்ணினேளா?"

பட்டாபிராமன் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன் அவர்கள் வீடுகளில் செய்கிற காரியம் அது. தாலியோடு செத்துப்போன பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவழைத்து, புதுப் புடவை வைத்து, இலை போட்டுப் படைத்து, பெண்ணை ஆசீர்வதிக்கச் சொல்லிக் கும்பிட வேண்டும். பிறகு அந்தப் புடவையை உயிரோடிருக்கும் ஒரு சுமங்கலிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"என் பேரையும் சொன்னேளா?"

"சொன்னேன்."

"என்ன புடவை வச்சா எனக்கு?"

"மாம்பழக் கலர். அம்மாதான் கடைக்குப் போய் எடுத்துண்டு வந்தா. வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு மடியில வச்சுண்டு அழுதா. பிரார்த்தனை பண்ணிவைக்க வந்த வாத்தியார்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது."

விஜயத்தின் முகம் அப்போதுதான் உடைந்தது. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப போறும்ப்பா. அம்மா எனக்காக அழுது முடிச்சுட்டா. திரும்பிப் போய், 'உன் பொண்ணு சாகலை, நோய் இல்லாதவளைக் கொண்டுபோய் விட்டேன், நோயோட திரும்பிக் கூட்டிண்டு வந்திருக்கேன்'னு சொல்லுவேளா? என்னை எங்க வைப்பேள்? சாவித்ரி குழந்தைகளைத் தூக்கிண்டு வருவாளே, நான் எங்க போய் ஒளிஞ்சுப்பேன்?"

காலையில் பஸ்ஸில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"நான் அடிக்கடி வரேன்" என்றார்.

"வாங்கோ. வரச்சே சோணையம்மாவுக்குப் புகையிலை வாங்கிண்டு வாங்கோ. என்னைத் தொட்டுத் தலை வாரிவிடறது அவதான்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விஜயம் எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலடி தள்ளி நின்று அவருக்கு நமஸ்காரம் பண்ணினாள். பெரியவர்களை வழியனுப்பும்போது பண்ண வேண்டியதைப் பண்ணினாள். கல்யாணமான பெண் நமஸ்காரம் பண்ணினால் தீர்க்க சுமங்கலியாக இரு என்று சொல்ல வேண்டும். பட்டாபிராமனின் வாய் பழக்கத்தில் திறந்தது. செத்த சுமங்கலிகளின் வரிசையில் அவளுடைய பெயரைச் சொன்னதும் அதே வாய்தான். நாக்கு எழவில்லை. நன்றாயிரு என்பதா? நூறு வயசு இரு என்பதா? இங்கேயா? ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தார், அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடியதாக ஒன்றுகூட இல்லை.

அவள் நெற்றி மண்ணில் பட, காத்திருந்தாள். வெகு நேரம் காத்திருந்தாள். பிறகு தானே எழுந்து, நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நாழியாச்சுப்பா, கிளம்புங்கோ. கடைசி பஸ் போயிடும்."